வெள்ளை அணிலுக்கு வழிவிடும் ஊர்!

அணில் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது முதுகில் இருக்கும் மூன்று கோடுகள்தான். சேதுப் பாலம் கட்டும்போது மணலில் புரண்டு உதவிய அணிலை ராமர் தடவிக் கொடுத்தார், அந்த விரல்களின் தடம்தான் அது என்று பாட்டிமார்கள் சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். கொய்யாவைக் கடித்துப் போட்டாலும், ஓட்டு இடுக்கில் பஞ்சை அடைத்துக் கூடு கட்டினாலும், அணிலை விரட்ட நமக்கு மனசு வருவதில்லை.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற பெற்றோர் முதலில் கவனிக்கும் விஷயங்களில் ஒன்று, அங்கே பூங்காவில் ஓடும் அணிலுக்குக் கோடே இல்லை என்பது. நம் அணிலைப் போல இரண்டு மூன்று மடங்கு பெரிசு. உடம்பெல்லாம் சாம்பல் நிறம், வயிறு மட்டும் வெள்ளை, வால் ஒட்டடைக்குச்சி மாதிரி புசுபுசுவென்று இருக்கும். அதற்குப் பெயரே சாம்பல் அணில்தான்.

ஆனால் அந்தச் சாம்பல் அணில் சில ஊர்களில் சாம்பலாக இருப்பதில்லை. ஓர் ஊரில் பால் வெள்ளை. இன்னோர் ஊரில் கன்னங்கரேல். வேறோர் ஊரில் வெள்ளை உடம்பில் தலைக்கு மட்டும் மை தடவினாற்போல் ஒரு திட்டு. எல்லாம் ஒரே இனம்தான். அப்படி வெள்ளை அணிலுக்குப் பேர் போன ஊர், இல்லினாய் மாநிலத்தில் இருக்கும் ஆல்னி. அங்கே அணிலுக்கென்றே சட்டம் உண்டு. வருஷா வருஷம் கணக்கெடுப்பு உண்டு. காவலர்களின் சீருடைச் சின்னத்தில்கூட வெள்ளை அணில் இருக்கிறது!

சோளக் காட்டு நடுவே

செயின்ட் லூயிஸில் இருக்கும் என் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஓர் அக்டோபர் சனிக்கிழமை விடிவதற்கு முன்பே ஆல்னிக்குக் கிளம்பினோம். 50ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே சுமார் 200 கிலோமீட்டர். இரண்டேகால் மணி நேரப் பயணம். சிகாகோவில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் தூரம். 57ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே எஃபிங்காம் வரை வந்து, அங்கிருந்து தென்கிழக்கே திரும்ப வேண்டும். மொத்தம் 400 கிலோமீட்டர் வரும். எஃபிங்காமில் நெடுஞ்சாலை ஓரமாக 198 அடி உயரச் சிலுவை ஒன்று நிற்கிறது, அதுவே நல்ல அடையாளம்.

வழி நெடுக சோளமும் சோயாவும்தான். அறுவடைக் காலம் என்பதால் பாதி வயல் வெறிச்சென்று கிடந்தது. மலை கிடையாது, அருவி கிடையாது. சுற்றுலா என்று யாரும் இந்தப் பக்கம் வர ஒரு காரணமும் தோன்றாது. ரிச்லேண்ட் மாவட்டத்தின் தலைநகர் ஆல்னி. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 9,000க்கும் குறைவு. நம் கணக்கில் ஒரு பெரிய கிராமம் அல்லது சின்ன பேரூராட்சி.

ஊருக்குள் நுழைந்ததும் ஒன்று புரிந்தது. இது மரங்களின் ஊர். ஓக், ஹிக்கரி, வால்நட் என்று வீட்டுக்கு வீடு வயதான மரங்கள். வேலி போடாத முன்புறப் புல்வெளிகள். ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குத் தரையில் இறங்காமலே தாவிப் போகலாம். அணிலுக்கு வேறென்ன வேண்டும்?

"வெள்ளை அணில்களின் இல்லம்" என்று ஊரே தன்னை அழைத்துக்கொள்கிறது. தெருவில், நடைபாதையில், சாலையில், எங்கே வெள்ளை அணில் குறுக்கிட்டாலும் வண்டிதான் நிற்க வேண்டும். முன்னுரிமை அணிலுக்கு. வெள்ளை அணிலை ஊரை விட்டு எடுத்துப் போவதும் குற்றம்.

மதுக்கடை ஜன்னலில் இருந்து மரத்துக்கு

இந்த வெள்ளை அணில்கள் எப்படி வந்தன? ஊரில் இரண்டு கதைகள் சொல்கிறார்கள்.

முதல் கதை 1902இல் நடக்கிறது. வில்லியம் ஸ்ட்ரூப் என்பவர் வேட்டைக்குப் போகிறார். ஒரு சாம்பல் அணிலைச் சுடுகிறார். அதன் கூட்டிலிருந்து இரண்டு குட்டிகள் விழுகின்றன. இரண்டும் வெள்ளை. ஒன்று ஆண், ஒன்று பெண். வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்க்கிறார்கள். பிறகு அவை ஜாஸ்பர் பேங்க்ஸ் என்ற மதுக்கடைக்காரரின் கைக்குப் போகின்றன. அவர் கடை ஜன்னலில் பெட்டிக்குள் அவற்றைக் காட்சிக்கு வைக்கிறார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடுகிறது.

இன்னொரு கதையில் ஆண்டு 1899. ஜார்ஜ் ரிட்ஜ்லி என்பவர் தன் பண்ணைப் பக்கம் வெளிர் நிற அணில்களைப் பார்த்து, பக்கத்துக்காரர் ஜான் ராபின்சனோடு சேர்ந்து பிடித்து வளர்த்தார் என்கிறது அது. எது முந்தியது என்ற வாதம் நூறு வருஷம் தாண்டியும் ஓயவில்லை. நம் ஊர்க் கோயில் தல வரலாறு மாதிரிதான். இரண்டு தெருவுக்கும் இரண்டு கதை, இரண்டையும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

ஆனால் முதல் கதையின் திருப்பம் முக்கியமானது. 1910இல் இல்லினாய் சட்டமன்றம் காட்டு விலங்குகளை அடைத்து வைக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. ஜன்னல் பெட்டியில் இருந்த அணில்கள் மரத்துக்குப் போயின. காட்சிப் பொருளாக இருந்த இரண்டு உயிர்கள், ஊரின் குடிமக்களானது அப்படித்தான்.

காலை நேரம், சிட்டி பார்க்

ஊரின் பெரிய பூங்காவுக்கு சிட்டி பார்க் என்றே பெயர். நாங்கள் போனபோது புல்லில் பனி ஈரம் காயவில்லை. முதலில் கண்ணில் பட்டதெல்லாம் சாம்பல் அணில்கள்தான். கால் மணி நேரம் ஆனது. மாப்பிள்ளை கையில் காபியோடு, "அத்தை, இன்னைக்கு லீவு போட்டுடுச்சு போலிருக்கு" என்று கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் ஓக் மரத்தின் அடியில் யாரோ கைக்குட்டையைப் போட்டுவிட்டுப் போனதுபோல் ஒன்று தெரிந்தது. கைக்குட்டை நகர்ந்தது. எழுந்து நின்றது. முன்னங்கால் இரண்டையும் நெஞ்சருகே வைத்துக்கொண்டு எதையோ கொறித்தது. சுத்தமான வெள்ளை. வால் வழியாகக் காலை வெயில் ஊடுருவி, அது ஒரு விளக்குத் திரி மாதிரி ஒளிர்ந்தது.

ஏழு வயதுப் பேரன் மெதுவாகக் கேட்டான். "அம்மம்மா, இதுக்குக் கோடு எங்க? ராமர் இந்த ஊருக்கு வரலையா?"

"வந்திருப்பார்டா கண்ணா, கையில விபூதி வச்சிருந்திருப்பார்" என்றேன். அவனுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

அணில் எங்களைப் பார்த்தபடியே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. பிறகு மரத்தில் ஏறி, இலைகளுக்குள் போன பின்பும் அது எங்கே இருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்தது. சாம்பல் அணில் கிளையில் ஒட்டிக்கொண்டால் மரப்பட்டையோடு மறைந்துவிடும். வெள்ளை அணிலுக்கு ஒளிய இடமே இல்லை. பார்க்கிற நமக்கு அழகு. ஆனால் மேலே வட்டமிடும் வல்லூறுக்கும், இரவில் வரும் ஆந்தைக்கும் அதே அழகு தெரியுமே!

கண்ணைப் பாருங்கள்

வெள்ளை அணிலெல்லாம் ஒரே ரகம் இல்லை. வித்தியாசம் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, கண்ணைப் பார்ப்பது.

ஆல்னி அணிலின் கண் இளஞ்சிவப்பு. இது அல்பினோ வகை. தோல், முடி, கண் மூன்றுக்கும் நிறம் கொடுப்பது மெலனின் என்ற நிறமி. நமக்கு வெயிலில் தோல் கறுப்பதும் இதனால்தான். அல்பினோ உடம்பால் மெலனினைத் தயாரிக்க முடிவதில்லை. அதனால் முடி வெள்ளையாகிறது. கண்ணுக்குள் ஓடும் ரத்தத்தின் நிறம் அப்படியே வெளியே தெரிகிறது. மெலனின் இல்லாவிட்டால் பார்வையும் சரியாக வளராது. தூரத்தைக் கணிப்பது கஷ்டம், வெயிலில் கண் கூசும். கிளை விட்டுக் கிளை தாவுகிற பிராணிக்கு இது சின்னக் குறை இல்லை.

வட கரோலினா மாநிலத்தில் பிரெவார்ட் என்ற மலையடிவார ஊரிலும் வெள்ளை அணில்கள் உண்டு. அவற்றின் கண்கள் கறுப்பு. தலையில் ஒரு கருந்திட்டு, முதுகில் ஒரு கருங்கோடு. இவை அல்பினோ இல்லை. மெலனின் தயாராகிறது, முடிக்குப் போய்ச் சேருவதில்தான் தடை. இந்த ஊர்க் கதையில் 1949இல் ஃபுளோரிடாவில் ஒரு கேளிக்கைக் குழுவின் லாரி கவிழ்கிறது. அதிலிருந்து தப்பிய வெள்ளை அணில்கள் கைமாறி, பிரெவார்டில் ஒரு வீட்டுக்கு வருகின்றன. 1951இல் கூண்டிலிருந்து ஒன்று தப்பி மரமேறுகிறது. மற்றதையும் திறந்துவிடுகிறார்கள். 1986இல் பிரெவார்ட் நகர மன்றம் தன் ஊரையே அணில்களின் சரணாலயமாக அறிவித்தது. இப்போது மே மாதத்தில் வெள்ளை அணில் திருவிழாவே நடக்கிறது.

மிசோரியின் மரியன்வில், டென்னசியின் கென்டன், கனடாவில் ஒன்டாரியோவின் எக்ஸிட்டர் ஆகிய ஊர்களும் வெள்ளை அணிலை வைத்துப் பெருமை பேசுபவைதான். எங்கள் ஊர் அணில்தான் அசல் என்று ஒன்றை ஒன்று சீண்டிக்கொள்வதும் உண்டு. திருநெல்வேலி அல்வா யார் கடையில் அசல் என்று நாம் சண்டை போடுவதில்லையா, அது மாதிரி!

பூனைக்கும் ஒரு கணக்கு

இந்த ஊர்க் கதையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது சட்டமும் கணக்கும்தான்.

1920களின் நடுவிலேயே ஆல்னி நகர மன்றம், நாய்களைத் தெருவில் அவிழ்த்துவிடக் கூடாது என்று விதி போட்டது. அணில்கள் பெருகின. 1940களின் தொடக்கத்தில் வெள்ளை அணில்கள் மட்டும் ஆயிரம் வரை இருந்ததாகச் சொல்கிறார்கள். பிறகு எண்ணிக்கை சரியத் தொடங்கியது. மரங்கள் விழுந்தன, கார்கள் பெருகின, பூனைகளும் பெருகின.

1970களில் ஆல்னி சென்ட்ரல் கல்லூரியின் உயிரியல் ஆசிரியர் ஜான் ஸ்டென்சல் இந்த அணில்களை ஆராய ஆரம்பித்தார். 1977 முதல் ஒவ்வோர் ஆண்டும் கணக்கெடுப்பு நடக்கிறது. அக்டோபரில் சனிக்கிழமை காலைகளில் தன்னார்வலர்கள் ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு நடக்கிறார்கள். கையில் தாளும் பேனாவும் போதும். யார் வேண்டுமானாலும் சேரலாம்.

அவர்கள் மூன்று கணக்கு எடுக்கிறார்கள். வெள்ளை அணில் எத்தனை, சாம்பல் அணில் எத்தனை, பூனை எத்தனை!

ஒரு கட்டத்தில் வெள்ளை அணில்களின் எண்ணிக்கை நூறுக்கும் கீழே போய்விட்டது. ஊர் பதறியது. நாய்க்கு இருந்த விதியைப் பூனைக்கும் நீட்டினார்கள். ஒரு வீட்டில் எத்தனை பூனை வளர்க்கலாம் என்பதற்கும் வரம்பு வந்தது. பூனை வளர்ப்பவர்களுக்கு இது எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களுக்குப் பூனை வீட்டுப் பிள்ளை. தெருவில் ஓடுகிற அணிலுக்காக அதைக் கதவுக்குள் அடைக்கச் சொன்னால்? ஆனாலும் விதி நின்றது. அடுத்தடுத்த வருஷங்களில் எண்ணிக்கை கொஞ்சம் ஏறியது. பழைய ஆயிரம் மட்டும் திரும்பவே இல்லை.

"இயற்கைன்னா வல்லூறு பிடிக்கும், பூனை பிடிக்கும். மனுஷன் சட்டம் போட்டுக் காப்பாத்தறது இயற்கையா?" என்று மாப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்விதான். காட்டில் விட்டால் இந்த வெள்ளை அணில்களில் பல சீக்கிரமே இரையாகிவிடும். ஆனால் இவற்றைக் காட்டிலிருந்து பிரித்து ஜன்னலில் வைத்ததும் மனிதன்தானே? மரத்தைக் குறைத்ததும், காரை ஓட்டியதும், பூனையைக் கொண்டுவந்ததும் மனிதன்தான். எடுத்ததில் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றியது.

சாம்பலுக்குள் ஒளிந்திருக்கும் வெள்ளை

சரி, வெள்ளை அணிலைக் காப்பாற்றச் சாம்பல் அணிலை ஏன் எண்ண வேண்டும்?

சில குடும்பங்களில் தாத்தாவுக்குப் பூனைக்கண் இருக்கும். பிள்ளைகள் யாருக்கும் வராது. திடீரென்று பேத்திக்கு வந்து நிற்கும். "எங்கிருந்துடி வந்தது?" என்று எல்லோரும் ஆச்சரியப்படுவார்கள். நடுவில் ஒரு தலைமுறையில் அது மறைந்துதான் இருந்தது, தொலைந்து போகவில்லை.

அல்பினோ நிறமும் இப்படித்தான். ஒவ்வோர் அணிலுக்கும் நிறத்துக்கான மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள் வரும். இரண்டுமே வெள்ளைக்கானதாக இருந்தால்தான் குட்டி வெள்ளையாகப் பிறக்கும். ஒன்று மட்டும் இருந்தால் குட்டி பார்க்கச் சாம்பல், ஆனால் உள்ளே வெள்ளையைச் சுமந்துகொண்டிருக்கும். அப்படிச் சுமக்கும் இரண்டு சாம்பல் அணில்கள் சேர்ந்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் வெள்ளையாக இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்தால் எல்லாக் குட்டியும் வெள்ளை. வெள்ளை அணில், அந்த மரபணு இல்லாத சாம்பல் அணிலோடு சேர்ந்தால் அத்தனை குட்டியும் சாம்பல்தான்.

ஸ்ட்ரூப் கதையில் சுடப்பட்ட தாய் சாம்பல் நிறம் என்பதை இப்போது நினைத்துப் பாருங்கள். குட்டிகளின் வெள்ளை அவளுக்குள்ளேயும் இருந்தது.

ஆல்னியின் வெள்ளை அணில்களுக்கு நாளைக்கு ஓர் எதிர்காலம் இருந்தால், அதில் பாதி, யாரும் படம் எடுக்காத இந்தச் சாம்பல் அணில்களின் உடம்புக்குள் இருக்கிறது. அழகானதை மட்டும் காப்பாற்றினால் போதாது, சாதாரணமாகத் தெரிவதையும் சேர்த்துத்தான் காப்பாற்ற வேண்டும். ஊர் மக்கள் இரண்டையும் எண்ணுகிறார்கள் என்பதில் எனக்கு ஏனோ ஒரு நிம்மதி.

கறுப்பு அணில் எங்கே?

டொரன்டோவிலோ ஸ்கார்பரோவிலோ இருக்கும் நம் ஈழத்துச் சொந்தங்கள் இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பின்வளவில் தினமும் ஓடுவது கறுப்பு அணில்தான். தென் ஒன்டாரியோவில் கறுப்பு என்பது அபூர்வமே இல்லை. அதுவும் இதே சாம்பல் அணில் இனம்தான்.

இங்கே கதை தலைகீழ். மெலனின் குறைந்தால் வெள்ளை, கூடினால் கறுப்பு. ஒரு குறிப்பிட்ட மரபணுவில் சின்னஞ்சிறு துண்டு ஒன்று விடுபட்டுப்போனதுதான் காரணம் என்று 2009இல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அந்த மாற்றம் ஒரே பிரதியாக வந்தால் கருஞ்சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், இரண்டு பிரதியாக வந்தால் கரிக்கட்டை நிறம். அது ஃபாக்ஸ் ஸ்குவிரல் என்ற வேறோர் அணில் இனத்திடமிருந்து, என்றோ நடந்த கலப்பில் வந்திருக்கக்கூடும் என்று 2019இல் வந்த ஆய்வு ஒன்று சொல்கிறது. நிறம்கூடக் கடன் வாங்கியதுதான்!

கறுப்புக்கு ஒரு லாபமும் உண்டு. கடும் குளிரில், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரிக்கும் குறையும்போது, கறுப்பு அணிலின் உடம்பிலிருந்து வெளியேறும் வெப்பம் சாம்பல் அணிலைவிட 18 சதவீதம் குறைவு என்று அளந்திருக்கிறார்கள். வடக்கே கறுப்பு அதிகமாக இருக்க இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வாஷிங்டனில் வெள்ளை மாளிகைப் பக்கம் கறுப்பு அணிலைப் பார்த்தால் அதுவும் கனடாக்காரர்தான். 1902லும் 1906லும் ஒன்டாரியோவிலிருந்து 18 கறுப்பு அணில்களை வாஷிங்டனின் தேசிய விலங்குக் காட்சி சாலைக்கு அனுப்பி, அங்கே திறந்துவிட்டார்கள். அவற்றின் வம்சம்தான் இன்று நகரமெங்கும் பரவியிருக்கிறது. ஒஹாயோவின் கென்ட் நகருக்கும் 1961இல் ஒன்டாரியோவிலிருந்து பத்து கறுப்பு அணில்கள் வந்து இறங்கின. இப்போது அந்தப் பல்கலைக்கழகத்தில் கறுப்பு அணில் பெயரிலேயே விழா நடக்கிறது. குடியேறிகள் வந்த வேகத்தில் ஊரின் அடையாளமாகவே ஆகிவிடுவது நம்மவர்களுக்கும் தெரிந்த கதைதானே.

நம் ஊரிலும் நிறத்துக்குப் பஞ்சமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய அணில், அரக்கும் கறுப்பும் வெளிர் மஞ்சளும் கலந்து பட்டுப்புடவை மாதிரி இருக்கும். இடத்துக்கு இடம் அதன் நிறச் சேர்க்கை மாறும். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையின் சாம்பல் நிறப் பெரிய அணிலுக்காக 1988லேயே சரணாலயம் அமைத்தார்கள். நம் கோட்டு அணிலிலும் எப்போதாவது ஒன்று வெள்ளையாகப் பிறந்து செய்தியில் வருகிறது. அப்படி உங்கள் தெருவில் ஒன்று தென்பட்டால் பிடிக்க வேண்டாம். தூர நின்று பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். அதன் நிறமே அதற்கு எதிரி, நாமும் சேர வேண்டியதில்லை.

நிறங்களுக்குப் பெயர் வைத்தவர்

ஆல்னியில் இன்னோர் இடம் கட்டாயம் பார்க்க வேண்டும். ஊருக்கு வடக்கே 'பேர்ட் ஹேவன்' என்ற சின்னக் காடு. ராபர்ட் ரிட்ஜ்வே என்ற பறவை அறிஞர் உருவாக்கியது. அவர் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

ரிட்ஜ்வே 1850இல் பக்கத்தில் உள்ள மவுண்ட் கார்மெலில் பிறந்தவர். அப்பா மருந்துக்கடைக்காரர். கடையில் கிடைத்த பொடிகளைக் குழைத்தே பையன் சாயம் செய்து பறவைகளை வரைந்தான். பதினான்கு வயதில், பெயர் தெரியாத ஒரு பறவையின் படத்தை வரைந்து வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினான். அந்தக் கடிதம் ஸ்மித்சோனியனின் ஸ்பென்சர் பெயர்ட் கைக்குப் போய், பின்னாளில் அந்தப் பையனை தேசிய அருங்காட்சியகத்தின் பறவைப் பிரிவுக் காப்பாளராகவே ஆக்கிவிட்டது.

1912இல் அவர் வெளியிட்ட நூல் ஒன்று நிறங்களுக்கான அகராதி. மொத்தம் 1,115 நிறங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு மாதிரிச் சதுரம். ஓர் ஊரில் ஒருவர் பழுப்பு என்பதை இன்னோர் ஊர்க்காரர் செம்மண் நிறம் என்று சொன்னால் பறவையை எப்படி அடையாளம் காண்பது? அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் இவ்வளவு பாடு. கடைசிக் காலத்தை ஆல்னியில் கழித்து, 1929இல் காலமானார்.

உலகத்தின் நிறங்களுக்கெல்லாம் பெயர் வைத்தவரும், நிறமே இல்லாத அணில்களும் ஒரே சின்ன ஊரில்! பேர்ட் ஹேவனின் ஒற்றையடிப் பாதையில் நடக்கும்போது காலுக்கடியில் இலைச் சருகுகள் மஞ்சள், செம்பு, அரக்கு, காவி என்று கிடந்தன. எனக்குத் தெரிந்த தமிழ்ப் பெயர்கள் பத்தோடு முடிந்துபோயின. பேரன் ஒவ்வோர் இலையாக எடுத்துக் காட்டி, "இது என்ன கலர்?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். எலுமிச்சை, இஞ்சி, மாந்தளிர், வறுத்த மல்லி என்று சமையலறையிலிருந்து எடுத்துவிட்டுச் சமாளித்தேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

வெள்ளை அணிலைப் பார்க்க ஏற்ற நேரம் காலை சூரியன் உதித்து இரண்டு மணி நேரமும், மாலை மங்குவதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும். உச்சி வெயிலில் போனால் ஏமாற்றம்தான். ஏப்ரல் தொடங்கி அக்டோபர் வரை எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றாலும், கொட்டைகளைச் சேமித்துப் புதைக்கும் இலையுதிர் காலத்தில் அவை அதிகம் தரையில் இறங்கும்.

சிட்டி பார்க்கில் தொடங்குங்கள். அங்கே இல்லாவிட்டால் பழைய மரங்கள் உள்ள குடியிருப்புத் தெருக்களில் மெதுவாக நடந்து பாருங்கள். யார் வீட்டுப் புல்வெளிக்குள்ளும் நுழைய வேண்டாம். காரில் போனால் வேகம் கூடவே கூடாது. சாலையின் இரண்டு பக்கமும் கண் இருக்கட்டும்.

சிப்ஸ், பிஸ்கட், மிக்சர் எதையும் போடாதீர்கள். உப்பும் எண்ணெயும் அதற்கு ஆகாது. மரத்தில் காய்ப்பதே அதற்குப் போதும். படம் எடுக்கும்போது ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். அல்பினோ கண்ணுக்கு வெளிச்சம் ஒத்துக்கொள்ளாது.

சைவ உணவுக்காரர்கள் கையில் புளிசாதமோ சப்பாத்தியோ எடுத்துக்கொண்டு போவது நல்லது. ஊருக்கு அருகே ஈஸ்ட் ஃபோர்க் ஏரி இருக்கிறது. கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மத்தியானத்தைக் கழிக்கலாம்.

அக்டோபரில் போகிறவர்கள் முடிந்தால் கணக்கெடுப்பு நடக்கும் சனிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். குழந்தைகளையும் கூட்டிப்போங்கள். ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு, கண்ணில் பட்டதையெல்லாம் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுத் தாளில் அன்று வெள்ளை 4, சாம்பல் 31, பூனை 2. முதல் எண் அடுத்த முறை குறையாமல் இருக்க வேண்டும் என்று பேரன் இப்போதே கவலைப்பட ஆரம்பித்துவிட்டான்.